பெறாத மகனுக்கு அழுதவர்

என் கணவர் போதகர் ஆவதற்கு முன்பு மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். இதைச் சபையில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது கல்யாணமானதும் அவர் எனக்குப் போட்ட முதல் கட்டளை. மெத்தை விற்பதில் என்ன கேவலம்? நாலு பேர் முதுகுவலி இல்லாமல் தூங்குவார்கள். அந்தத் தொழிலிலேயே இருந்திருந்தால் இந்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும்.

பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். வருகிறவர்களை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் குனிந்து, உள்ளங்கையால் மெத்தையை மெல்ல அமுக்கி, "படுத்துப் பாருங்க, எல்லாப் பாரமும் இறங்கிடும்" என்பார். குரல் பாகு மாதிரி இழையும். இன்றைக்குப் பிரசங்க மேடையில் கையை விரித்து அழைக்கிறாரே, அதே குரல்தான், அதே வாசகம்தான். மெத்தைதான் கிடையாது.

என் அப்பாவும் போதகர். எங்கள் வீட்டுக்கு ஒரு மெத்தை வாங்கியபோது அதை வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் இவர். இறக்கிவிட்டுக் கிளம்பவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஐந்து அறை, முன்னால் நிழல், வாடகை கிடையாது, சபை கொடுத்த வீடு. அப்பா தெருவில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரையும் குடித்துவிட்டு இவர் கேட்டார்: "ஐயா, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" அப்பா அதைத் தேவனுடைய அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். அப்பா ஒன்றும் உலகம் தெரியாதவர் இல்லை. ஆனால் தன்னைப் போலவே எல்லோரும் மனதில் இருப்பதைத்தான் வாயால் சொல்வார்கள் என்று கடைசிவரை நம்பினார். இறையியல் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து என்னையும் கொடுத்தார். நானும் அந்தக் குரலில் விழுந்தவள்தான், மறைப்பானேன்.

இருபத்தாறு வருஷத்தில் இவர் தனியாக ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை. வாசல் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டால் போதும், நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி முழங்கால் போட்டுவிடுவார். வருகிறவர்கள் "ஐயா ஜெபத்துல இருக்காரு" என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு வெளியிலேயே நிற்பார்கள். ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. வெளியே போய்க் கொக்கியைத் தட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனுஷன் தரையில். யாரும் வராததால் எழுந்து உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். மறுபடி தட்டினேன். மறுபடி தரையில். மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

ஆஸ்பத்திரிக்குப் போனால், நோயாளி தூங்கிக்கொண்டிருப்பதுதான் இவருக்குப் பரம சந்தோஷம். தன் பெயர் அச்சடித்த அட்டையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிடலாம். விழித்திருந்தால் நாலு நிமிஷம் ஜெபம். ஜெபத்தில் வலது கண் மூடியிருக்கும். இடது கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். எங்கள் ஒரே மகள் வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். "அப்பா மைக் இல்லாம என்கிட்ட பேசினதே இல்லம்மா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பண்டிகைக்குக் கூட வீட்டுக்கு வருவதில்லை.

இனிப் பிரசங்கத்துக்கு வருகிறேன். அப்பா சாகும்போது பதினான்கு நோட்டுப் புத்தகங்களை விட்டுப்போனார். நாற்பது வருஷப் பிரசங்கம், அத்தனையும் கைப்பட எழுதியது. எனக்கு ஒரு தம்பி இருந்தான். உயிரோடு இருந்திருந்தால் அவனுக்குப் போயிருக்கும். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான்; எனக்கு அப்போது பதினொன்று. ஆகவே நோட்டுகள் எனக்கு வந்தன. எனக்கு வந்ததெல்லாம் இவருக்கு வந்தது. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வாய் வழியாகப் பேசுவது என் அப்பா. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து, அப்பா தன் சொந்தக் கதையை எழுதிய இடங்களை மட்டும் அடித்துவிடுவார். மிச்சத்தை அட்சரம் பிசகாமல் படிப்பார். "ஐயா பேச்சுல என்ன ஒரு ஆழம்!" என்று சபையார் உருகுவார்கள். ஆழம் கிணற்றுக்குச் சொந்தமா, வாளிக்குச் சொந்தமா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இந்தச் சபைக்கு நாங்கள் மாறி வந்து நான்கு வருஷம். இங்கே ஒரு பெண், பஸ் கண்டக்டர். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். ஒரே பிள்ளை, ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளிகளோடு ஆற்றில் இறங்கியவன் திரும்பி வரவில்லை. அடக்கம் செய்தவர் இவர்தான், சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகத்தைப் பார்த்துப் படித்து. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அவள் ஆலயத்துக்கும் வரவில்லை, வேலைக்கும் போகவில்லை. நான் அவ்வப்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். ஒற்றை அறை வீடு. சுவரில் அவளுடைய காக்கிச் சட்டை தொங்கும். பையனுடைய புத்தகப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். முந்தின தடவை நான் வைத்துவிட்டுப் போன பாத்திரம் திறக்காமல் இருக்கும்.

ஒரு நாள் சொன்னாள்: "அவன் எங்கயோ நல்லா இருக்கான்னு எல்லாரும் சொல்றீங்கம்மா. சொல்றவங்க எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்றீங்க. பிள்ளையைக் குடுத்துட்டு, அதுக்கப்புறமும் நம்புறேன்னு சொல்ற ஒரு ஆளைக் காட்டுங்க. ஒரே ஒரு ஆளு. நான் எழுந்து குளிச்சிட்டு வேலைக்குப் போறேன். இல்லன்னா என்னைச் சும்மா விடுங்க, இப்படியே போயிடறேன்."

அதைக் கேட்டு நான் பயந்துபோனேன். இப்படியே போயிடறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கக்கூட இல்லை. அடுத்த ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போய், தலையை வாரிவிட்டு, கையைப் பிடித்து ஆலயத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன்.

அந்த வாரம் பார்த்து என் வீட்டுப் பிரசங்கியார் சனிக்கிழமை முழுக்கச் சபைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் வீட்டு விருந்தில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து குறட்டை விட்டிருந்தார். சிவப்புப் பென்சில் மேஜையில் கூர் மழுங்காமல் கிடந்தது. காலையில் கைக்கு வந்த நோட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். ஒன்பதாவது நோட்டு. பத்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு இவர் வாயிலிருந்து இது வந்தது:

"என் மகனை என் கைகளாலேயே குழிக்குள் இறக்கினேன். அவன் சட்டைப்பையில் அவன் பொறுக்கி வைத்திருந்த மூன்று பொத்தான்கள் இருந்தன. அவற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை."

அந்த மூன்று பொத்தான்களும் என் பழைய கவுனில் இருந்து விழுந்தவை. தம்பி பொறுக்கிக்கொண்டு ஓடியபோது முதுகில் ஒரு அடி வைத்தேன், காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

இவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யார் கதையைப் படிக்கிறோம் என்று இவருக்கும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, "இது என் மாமனார் எழுதினது" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து மன்னித்திருப்பேன். ஆனால் இவர் கண் என்னைத் தாண்டிச் சபையின் மேல் போயிற்று. ஒரு இருமல் சத்தம் இல்லை. நாலைந்து பேர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். இனி எழுந்து போக விடுவாரா? குரலை இறக்கினார். தொண்டையை அடைத்துக்கொண்டார். என் தம்பியின் சாவை அழுது அழுது கடைசி வரி வரை படித்தார். எங்களுக்கு ஒரு மகள்தான் என்று சபைக்குத் தெரியும். முன்பு இருந்த ஊரில் ஒரு பையன் இருந்து போயிருக்கிறான் போலிருக்கிறது, பாவம், வெளியே சொல்லாமல் இத்தனை வருஷம் மனதிலேயே வைத்திருக்கிறார் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் கண்டக்டர் என் கையைப் பிடித்திருந்தாள். நசுக்கினாள் என்று சொல்ல வேண்டும்.

ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும் நேரம். அவள் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உங்களுக்கும் ஒரு பையனா?"

"ஆமாம் மகளே." இவரைவிட அவள் ஏழெட்டு வயதுதான் இளையவள்.

"வயசு என்னங்கய்யா?"

"ஏழு."

"பேரு?"

அதற்கு மட்டும் ஒரு கணம் திணறினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பேரைச் சொன்னா நான் தாங்க மாட்டேம்மா" என்றார். அடேயப்பா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணிக்காயே இல்லாத இடத்தில் சோற்றைக் குவித்துக் காட்டுகிறார். அவள் குனிந்து இவர் கைமேல் நெற்றியை வைத்து அழுதாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "வெக்கமா இல்ல உங்களுக்கு? என் தம்பி அவன். என் அப்பா பெத்த பிள்ளை."

"கத்தாதே, ஜன்னல் திறந்திருக்கு."

"ஜன்னல்தான் உங்களுக்குக் கவலை."

"இங்க பாரு. பாதி சபை அழுதுது. அந்தப் பொம்பளை ஒன்பது மாசம் கழிச்சு வாயைத் திறந்து பேசுது. உங்க அப்பா சொன்னா உண்மை, அதையே நான் சொன்னா பொய்யா? தபால்காரன் லெட்டர்ல இருக்கிறதை நம்பணும்னு சட்டம் இருக்கா? கொண்டுபோய்க் குடுத்தா போதாதா?"

"தபால்காரன் அடுத்தவன் லெட்டர்ல தன் கையெழுத்தைப் போட மாட்டான்."

அங்கியை ஆணியில் மாட்டினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். நான் விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேல ஒருத்தர் இருக்காருன்னு நீங்க நம்புறீங்களா?"

"அது வேற விஷயம். இது வேலை" என்றார், பசிக்கிறது என்பதுபோல. பிறகு, "என்ன சமையல்?" என்றார்.

சமையல்காரனுக்குப் பசி இல்லாவிட்டாலும் சோறு வேகும். தையல்காரன் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு நல்ல சட்டை தைக்கலாம். போதகன் வேலை அப்படி இல்லை. அவனிடம் வருகிறவர்கள் சாமான் வாங்க வருவதில்லை. இருட்டில் தடவிக்கொண்டு வந்து, "உனக்குத் தெரியுதா, நிஜமாவே தெரியுதா?" என்று கேட்கிறார்கள். அவனுக்கே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லட்டும், அதில் ஒரு யோக்கியம் இருக்கிறது. தெரிகிறது தெரிகிறது என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறானே குருடன், அவனை என்ன செய்வது? நான் அன்றைக்குச் சோறு போட்டேன். அதுதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கண்டக்டர் வேலைக்குப் போனாள். கடைத்தெருவில் பஸ்ஸின் பின்படியில் நின்று விசில் ஊதியதை நானே பார்த்தேன். வியாழக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். வாராவாரம் வியாழன் மத்தியானம் எங்கள் சமையலறைக்கு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். காய் நறுக்கித் தருவாள். ஐயாவிடம் நிறையப் பேச அவளுக்குக் கூச்சம். என்னிடம் கேட்பாள். பிள்ளையைப் பெற்றவள் நான்தானே, அவள் கணக்குப்படி.

"அம்மா, அவன் போனப்புறம் நீங்க எப்ப முதல்ல சிரிச்சீங்க?"

"எட்டு மாசம் ஆச்சு" என்றேன். அது என் அம்மா. பக்கத்து வீட்டுக் கோழி சமையலறைக்குள் புகுந்து மாவுப் பானையில் விழுந்தபோது சிரித்துவிட்டு, உடனே வாயில் அடித்துக்கொண்டாள்.

"அவன் துணிமணியெல்லாம் என்ன பண்ணீங்க?"

"ரெண்டு சட்டை வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துட்டோம். குடுத்த சட்டையைத் தெருவுல இன்னொரு பிள்ளை போட்டுக்கிட்டுப் போச்சு. அன்னிக்கு முழுக்க யாரும் சாப்பிடல."

இதுவும் நடந்ததுதான். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரி. என் அம்மாவின் துக்கத்தைப் பிட்டுப் பிட்டு என்னுடையது போல் அவளுக்கு ஊட்டினேன். அவளும் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. "உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தாம்மா எனக்குத் தைரியம்" என்பாள். உண்மையைச் சொன்னால் மறுபடி புத்தகப் பையோடு தரையில் உட்கார்ந்துவிடுவாளே என்று பயந்தேன். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. நான் குடியிருக்கும் வீடு சபையுடையது. இவர் அங்கியைக் கழற்றினால் நான் படுக்கும் இடம் போய்விடும். எந்தக் காரணம் பெரியது என்று அப்போது நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

இவருக்கோ கொண்டாட்டம். வெளிச் சபைகளில் இருந்தெல்லாம் அந்தச் சாட்சியைச் சொல்லக் கூப்பிட்டார்கள். நாலு இடத்தில் போய் அழுதுவிட்டு வந்தார். மூன்றாவது இடத்தில் பொத்தான் மூன்று போதாது என்று ஒரு பொம்மைக் குதிரையையும் சேர்த்துக்கொண்டார்.

இப்படிப் பதினோரு வாரம் போயிற்று. பையன் இறந்து ஒரு வருஷம் நிறையும் நாள் வந்தது. கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்து கேட்டாள்: "ஐயா, காலையில பத்து மணிக்குக் கல்லறைக்கு வரணும். கூட்டம் வேணாம். நீங்களும் அம்மாவும் மட்டும்."

போனோம். நல்ல வெயில். சுற்றுச்சுவர் ஓரத்தில் சின்னச் சிமெண்டு மேடை, கழுவித் துடைத்திருந்தாள். இவர் வழக்கம்போலச் சட்டைப்பையில் இருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து, நாடா வைத்த பக்கத்தைப் பிரித்தார்.

"புத்தகம் வேணாங்கய்யா" என்றாள். "உங்க பிள்ளை குழிக்குப் பக்கத்துல நின்னு நீங்க ஆண்டவர்கிட்ட என்ன கேட்டீங்களோ, அதை இங்க கேளுங்க. எனக்கு ஒரு வருஷமா கேக்கத் தெரியல. நீங்க கேளுங்க, நான் பின்னாலயே சொல்றேன்."

ஒன்பதாவது நோட்டில் அது இல்லை. அப்பா அந்த இடத்தில், 'அன்று அவரிடம் நான் கேட்டதை இங்கே சொல்ல மாட்டேன்' என்று எழுதி முடித்திருந்தார். கைச்சரக்கு தீர்ந்துபோயிற்று. ஆனாலும் விற்பனையாளர் அசருவாரா? கண்ணை மூடினார், குரலைத் தடவிக்கொடுத்தார், ஆரம்பித்தார். இரக்கம், சித்தம், இளைப்பாறுதல், பரம வீடு என்று வரிசையாக வந்தன. அவள் பின்னாலேயே சொல்ல வாயைத் திறந்தவள், நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"ஐயா, இது அடக்கத்தன்னிக்கு நீங்க படிச்சது."

"துக்கத்துக்கு வார்த்தை ஒண்ணுதான் மகளே."

"உங்களுக்குக் கோவமே வரலியா? ஏழு வயசுப் பிள்ளை."

"தேவ சித்தத்து மேல கோபப்படலாமா?"

அவள் இவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "உங்க பையன் என்னிக்குப் போனான்? தேதி சொல்லுங்க" என்றாள்.

இவர் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பீரோ சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்பாரே, அந்தப் பார்வை. "தேதியெல்லாம் இவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்றார்.

ஐயோ, அந்த மனுஷனுக்குத் தான் என்ன சொன்னோம் என்றுகூட உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. "பத்தொம்பது வருஷமா பஸ்ல ஓடுறேன்" என்றாள். "டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளிய பார்ப்பான். நீங்க வெளிய பார்க்கறீங்க."

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "அவன் என் தம்பிம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, பென்சில், பொத்தான், காய்ச்சல். எழுதியது என் அப்பா என்று சொன்னேன். அந்த அப்பா அடக்கம் முடிந்த மறு ஞாயிறு மேடையில் ஏறி, "இன்னிக்கு எனக்கு ஜெபம் வரல. அவர் மேல எனக்குக் கோவம். நீங்க எனக்காகப் பண்ணுங்க" என்று சபையிடம் சொல்லிவிட்டு, இறங்கி வந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார் என்று சொன்னேன். ஆறு வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சபையில் ஒரு எண்ணெய்க் கடைக்காரரும் ஒரு நர்ஸும் மாற்றி மாற்றி ஜெபம் செய்தார்கள். ஏழாவது வாரம் அப்பா தானாக எழுந்து மேடைக்குப் போனார்.

அவள் கடைசிவரை கேட்டாள். அழவில்லை. "அந்த மனுஷன் இப்ப இருக்காரா?"

"இல்லம்மா."

"இருந்தா அவர்கிட்ட போயிருப்பேன்." இவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, என் பிள்ளைகிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இவர் இரண்டடி பின்னால் போனார். அங்கி ஓரம் முள்ளில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அவரை விடுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது, வயித்துப் பொழைப்பு. உங்களுக்குத் தெரியுமே. உங்க அப்பாவைப் பார்த்து வளர்ந்திருக்கீங்க. நீங்க நம்புறீங்க, எனக்குத் தெரியும், சமையல் பண்ணும்போது வாய்க்குள்ள பேசிக்கிட்டே இருப்பீங்க. அப்படியிருந்தும் பதினோரு வாரம் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருந்தீங்க?"

நீ சாப்பிட ஆரம்பித்தாயே, அதற்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். அது பாதிதான் உண்மை. அந்தப் பாதியையும் அவளிடம் நீட்டினால் நானும் மெத்தை விற்கிறவள்தான்.

"போங்க ரெண்டு பேரும்" என்றாள். "நானே அவர்கிட்ட கேட்டுக்கறேன்." காலை மடக்கிச் சிமெண்டு மேடை பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் பத்தடி போவதற்குள் அவள் குரல் கேட்டது. ஜெபக் குரல் இல்லை. மிச்சச் சில்லறை தராதவனிடம் பேசுவாளே, அந்தக் குரல். "எனக்குப் பதில் சொல்லு. ஒரு வருஷம் ஆச்சு. சொல்லு."

கல்லறை வாசலுக்கு வந்ததும் இவர் என் காதருகில் வந்தார். "கமிட்டிகிட்ட போய்ச் சொல்லிடுவாளோ?"

"அவ சொல்ல மாட்டா."

"அப்பாடா" என்றார்.

"நான் சொல்லப் போறேன்."

இவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "சொல்லிட்டு எங்க போய்க் குடியிருப்பே? அந்த வீடு என் பேர்ல குடுத்தது. உன் பொண்ணு வெச்சுக்குவாளா?"

வைத்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது. கமிட்டிச் செயலாளர் வீடு இரண்டு தெரு தள்ளி. இவர் பின்னாலேயே வந்து, முதலில் "இந்தா பாரு" என்றார், பிறகு "ஏம்மா, கொஞ்சம் நில்லு" என்றார், கடைசியில் மேடைக் குரலில் கெஞ்சினார். தெருவில் ஒருவர் இவரைப் பார்த்து வணக்கம் சொல்ல, அங்கேயே நின்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தார். அதற்குள் நான் மணியை அடித்துவிட்டேன்.

செயலாளரின் மனைவி கதவைத் திறந்து முகமெல்லாம் மலர்ந்தாள். "அடடே, வாங்க போதகரம்மா!"

"அந்தப் பேரை இன்னியோட விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.